மீட்டர் இல்லாமல் கேமராவை நெருங்காதீர்கள்

(தொழிற்கூடக் கதிர்ப்படத் தொழிலாளர்களுக்காக மேற்குத் தாம்பரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கதிர்ப்படத் தொழிலில் இருக்கும் தம்பிகளைக் குடும்பத்தாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னது நான்தான். அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

தாம்பரத்துக்காரர்களுக்கு எக்ஸ்ரே என்ற சொல் புதிதல்ல. 1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து இங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. நெஞ்சைப் படம் பிடித்து நுரையீரலைப் பார்ப்பதை மூன்று நான்கு தலைமுறைகளாக நாம் அறிவோம். இரும்பையும் அப்படிப் படம் பிடிக்கிறார்கள் என்பது மட்டும் வெளியே அதிகம் தெரியாது. கொதிகலன், அழுத்தக் கலன், எரிவாயுக் குழாய், வார்ப்படம் எதுவானாலும், வெல்டிங் ஜாயின்ட்டுக்குள் விரிசல் இருக்கிறதா, காற்றுக் குமிழி இருக்கிறதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஊடுருவிப் படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். திருமுடிவாக்கத்துப் பட்டறையிலும், மறைமலைநகர்த் தொழிற்சாலையிலும், கல்பாக்கத்துக்குப் போகும் உதிரிபாகத்திலும் இந்தப் படம் தேவைப்படுகிறது. பெரும்பாலும் ராத்திரியில்தான் எடுப்பார்கள். மற்ற ஆட்கள் வேலை முடிந்து போன பிறகு, இரண்டு மூன்று பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். விடிவதற்குள் ஷாட் எல்லாம் முடித்து, ஃபிலிமைக் கழுவி, முடிச்சூரிலோ பெருங்களத்தூரிலோ இருக்கும் அறைக்குத் திரும்புவார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

கேமரா என்று நாம் சொன்னாலும் அதில் லென்ஸ் கிடையாது. உள்ளே இருப்பது இரிடியம்-192 என்ற கதிர்வீச்சு மூலம். ஒரு சிறிய உலோக உறைக்குள் அடைத்து, ஒரு சின்ன வயர்த் துண்டின் நுனியில் பொருத்தியிருப்பார்கள். அதைத்தான் பிக்டெயில் என்கிறோம். மும்பையில் உள்ள கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம், அதாவது பிரிட், இந்த மூலங்களை நம் நாட்டிலேயே தயாரித்துத் தருகிறது. கேமராவின் உடலுக்குள் யுரேனியக் கவசம் இருக்கும். செறிவு குறைக்கப்பட்ட அந்த யுரேனியம் ஈயத்தைவிடக் கனமானது, கதிரைத் தடுப்பதில் ஈயத்தைவிடத் திறமையானது. ஷாட் எடுக்கும்போது பின்பக்கத்திலிருந்து கிராங்கைச் சுற்றினால், கேபிள் பிக்டெயிலைத் தள்ளிக்கொண்டு கைடு ட்யூப் வழியாக முன்னே போகும். ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில், கதிரை ஒரு திசைக்குள் கட்டுப்படுத்தும் காலிமேட்டருக்குள் போய் நிற்கும். குறித்த நேரம் முடிந்ததும் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூலம் திரும்பிக் கவசத்துக்குள் வந்துவிட வேண்டும்.

வந்துவிட வேண்டும் என்றேன். வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. இந்தத் தொழிலில் நடந்த பெரிய விபத்துகளைப் பாருங்கள், மூலம் உள்ளே இருக்கிறது என்று யாரோ நம்பிக்கொண்ட இடத்திலிருந்தே அவற்றில் பல தொடங்குகின்றன.

மருத்துவமனை எக்ஸ்ரே எந்திரத்துக்கு ஸ்விட்ச் உண்டு, அணைத்தால் கதிர் நின்றுவிடும். இரிடியத்துக்கு ஸ்விட்ச் கிடையாது. சுமார் 74 நாளில் அதன் வீரியம் பாதியாகும், இன்னொரு 74 நாளில் கால்பங்காகும். ஆனால் எந்த வினாடியிலும் அது ஓய்வதில்லை. 50 கியூரி மூலம் ஒன்று கவசத்துக்கு வெளியே இருந்தால், ஒரு மீட்டர் தொலைவில் மணிக்கு ஏறத்தாழ 200 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு இருக்கும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் கதிர்வீச்சுத் தொழிலாளி ஒருவருக்கு ஐந்தாண்டு சராசரியாக, ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு தனி ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. உலக அளவில் தனி ஆண்டுக்கு 50 வரை அனுமதி உண்டு. நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அதைவிடக் கண்டிப்பாக 30 என்று வைத்திருக்கிறது, அது சரியான முடிவு. இப்போது கணக்குப் போடுங்கள். வெளியே நிற்கும் மூலத்துக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் நீங்கள் ஆறு நிமிடம் நின்றால், ஓர் ஆண்டின் சராசரி அளவு முழுவதும் உங்கள் உடம்பில் ஏறிவிடும். ஃபிலிமை மாற்றி, காலிமேட்டரைக் கையால் நகர்த்தி, அடுத்த ஷாட்டுக்குத் தயார் செய்ய ஆறு நிமிடம் ஆகாதா? அதுவும் காலிமேட்டரைத் தொடும் கை ஒரு மீட்டர் தள்ளியா இருக்கும்? தொலைவு பாதியானால் கதிர் நான்கு மடங்கு. ஒரு சென்டிமீட்டருக்கு வந்தால் பத்தாயிரம் மடங்கு. விரலுக்குக் கேடு வர அங்கே சில வினாடிகள் போதும்.

இவ்வளவு நடக்கும்போதும் உடம்புக்கு ஒன்றுமே தெரியாது. சூடு இல்லை, வாசனை இல்லை, வலி இல்லை. தோல் சிவப்பதற்கே சில நாள் முதல் இரண்டு மூன்று வாரம்வரை ஆகலாம். பட்டவருக்கு அப்போது எதனால் என்றே நினைவுக்கு வராது. பூச்சி கடித்திருக்கும், ஏதோ ஒவ்வாமை என்று களிம்பு தடவிக்கொண்டிருப்பார்.

1999 பிப்ரவரியில் தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், யானங்கோ என்ற நீர்மின் நிலையத்தில் இது நடந்தது. வெல்டர் ஒருவர் கீழே கிடந்த இரிடிய மூலத்தை இன்னதென்று தெரியாமல் எடுத்துக் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டார். பல மணி நேரம் அப்படியே வேலை பார்த்தார். தொடை வலிக்கத் தொடங்கியது. மருத்துவரிடம் காட்டியபோது பூச்சிக் கடியாக இருக்கலாம் என்றார். வெல்டர் வீட்டுக்குப் போனார், அந்தக் கால்சட்டை வீட்டில் கிடந்தது, மனைவிக்கும் கதிர் பட்டது. ராத்திரி கதிர்ப்படக் குழு ஷாட் எடுத்து ஃபிலிமைக் கழுவியபோது படம் விழவேயில்லை. அப்போதுதான் கேமராவுக்குள் மூலம் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அந்த மனிதர் பிழைத்தார், ஆனால் வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று. கேமராவைக் கையில் எடுத்த நேரத்தில் ஒருவர் கதிர்வீச்சை அளக்கும் மீட்டரை அதன் மேல் வைத்துப் பார்த்திருந்தால், அது காலி என்று அங்கேயே தெரிந்திருக்கும். எடுத்த படம் வெறும் ஃபிலிமாக வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

அடுத்த ஆண்டு, 2000 மே மாதம், எகிப்தில் மீத் ஹல்ஃபா என்ற கிராமத்து விவசாயி ஒருவர் குழாய் வேலையில் தவறிப்போன இரிடிய மூலத்தைக் கண்டெடுத்தார். விலையுயர்ந்த பொருள் என்று நினைத்து வீட்டில் வைத்தார். அவரும் அவருடைய ஒன்பது வயது மகனும் இறந்துபோனார்கள். அதற்கும் முன்னால் 1984இல் மொராக்கோவில் இப்படியே வீட்டுக்குப் போன ஒரு மூலத்தால் எட்டுப் பேர் இறந்தார்கள். 2002இல் பொலிவியாவில், மூலம் உள்ளே திரும்பாமலே இருந்த கருவியைப் பயணிகள் நிறைந்த பேருந்தில் ஏற்றி ஊர் விட்டு ஊர் அனுப்பினார்கள். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு ஏற்றியிருந்தால் அந்தப் பேருந்து புறப்பட்டிருக்காது.

நம் நாட்டிலும் 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றார்கள். அது கதிர்ப்படக் கருவி அல்ல. டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய கோபால்ட்-60 கருவி. இருந்தாலும் இங்கே சொல்கிறேன். ஏனென்றால் பல்லாவரத்திலிருந்து வண்டலூர்வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபக்கமும் எத்தனை பழைய இரும்புக் கடைகள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். தொலைந்த மூலம் கடைசியில் அப்படிப்பட்ட கடைக்கும் போய்ச் சேரலாம்.

இனிக் கருவிகளுக்கு வருகிறேன்.

உங்கள் சட்டையில் மாட்டியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜை எல்லோரும் அறிவீர்கள். அதற்குள் ஓர் அலுமினியத் தகடு, அதில் மூன்று வட்ட வில்லைகள். டிஸ்ப்ரோசியம் சிறிதளவு கலந்த கால்சியம் சல்ஃபேட்டை டெஃப்லானோடு சேர்த்துச் செய்த வில்லைகள் அவை. கதிர் படும்போது படிகத்தில் ஆற்றல் சிக்கிக்கொள்கிறது. ஆய்வகத்தில் சூடான நைட்ரஜன் வாயுவால் ஏறத்தாழ 300 டிகிரிவரை சூடாக்கினால், சிக்கிய ஆற்றல் ஒளியாக வெளிவருகிறது. எவ்வளவு ஒளி வந்ததோ அவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்று கணக்கு. ஒரு வில்லையின் முன்னால் உலோக வடிகட்டி, இன்னொன்றின் முன்னால் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்த சாளரம். எந்த வகைக் கதிர், எவ்வளவு ஆற்றல் என்று பிரித்தறிய இந்த ஏற்பாடு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உருவாக்கப்பட்ட இந்தப் பேட்ஜ் 1975இல் நாட்டில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் ஃபிலிம் பேட்ஜ்தான். நம் கடற்கரைப் பட்டணத்து வெக்கையிலும் புழுக்கத்திலும் ஃபிலிமில் பதிந்தது மங்கிவிடும். அதனால் நம் தட்பவெப்பத்துக்கு டி.எல்.டி. மிகப் பொருத்தமான கருவி. இன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்ஜைத் திருப்பி அனுப்புகிறோம். தென் மாநிலங்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம் சென்னையிலேயே இருக்கிறது.

இது நல்ல கருவி. ஆனால் பேட்ஜ் மாட்டியிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்று பல தம்பிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கையை இன்றைக்கு உடைத்துவிட்டுத்தான் இறங்குவேன். பேட்ஜ் எதையும் தடுக்காது, எச்சரிக்கவும் செய்யாது. ஈ.பி. மீட்டரில் இரண்டு மாதம் கழித்து ரீடிங் எடுப்பதைப் போலத்தான் அதுவும். எரிந்த கரன்ட்டுக்குக் கணக்குச் சொல்லும், விளக்கை அணைக்காது. ஜனவரியில் பட்ட கதிரைப் பற்றி ஏப்ரலுக்குப் பிறகுதான் தாள் வரும்.

கதிர் படும் அந்த வினாடியில் உங்களைக் காப்பாற்றக்கூடியவை இரண்டே. ஒன்று கையில் இருக்கும் சர்வே மீட்டர். மற்றொன்று உடம்பில் அணிந்து, கதிர் ஏறினால் உடனே அலறும் அலாரம் டோசிமீட்டர். அமெரிக்காவில் வெளித்தளக் கதிர்ப்பட வேலைக்குப் போகிறவர் பேட்ஜையும், உடனடியாகப் படிக்கக்கூடிய டோசிமீட்டரையும், அலாரத்தையும் சேர்த்தே அணிந்திருக்க வேண்டும் என்று சட்டம். மணிக்கு 5 மில்லிசீவர்ட் வந்தால் அலாரம் ஒலிக்க வேண்டும் என்று அளவும் குறித்திருக்கிறார்கள். இங்கே நான் பார்த்த பல தளங்களில் ஒரு குழுவுக்கு ஒரே ஒரு மீட்டர், அதுவும் மேற்பார்வையாளர் பையில். கேபிள் சுருட்டும் உதவியாள், ஃபிலிம் ஒட்டும் பையன், இவர்கள் கையில் எதுவும் இருக்காது. ஜாயின்ட்டுக்கு மிக அருகில் போகிறவர்கள் இவர்கள்தான். ஒவ்வொருவர் மார்பிலும் ஓர் அலாரம் என்பதுதான் இன்றைக்கு நான் வைக்கும் கோரிக்கை. ஒரு கேமராவின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவே அல்ல. இந்தச் செலவை மிச்சம் பிடிக்கும் ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குப் போக வேண்டாம் என்று என் சொந்தப் பிள்ளையாக இருந்தால் சொல்வேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

சர்வே மீட்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் அதிகம் பேசாமல் விடுவது அதைத்தான்.

கிராங்க் முழுச் சுற்று வந்துவிட்டது, லாக் விழுந்த சத்தம் கேட்டது, ஆகவே மூலம் உள்ளே என்று நினைப்பது தவறு. கேபிள் நுனியிலிருந்து பிக்டெயில் கழன்றிருந்தால், கேபிள் மட்டும் அழகாகத் திரும்பி வரும். கிராங்க் லேசாகவே சுற்றும். மூலமோ கைடு ட்யூப் நுனியில் நிற்கும். ஆகவே ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும், ஒரு ராத்திரியில் நாற்பது ஷாட் என்றால் நாற்பது முறையும், மீட்டரை முன்னே நீட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். முதலில் கேமரா, பிறகு கைடு ட்யூப் நெடுக, கடைசியில் காலிமேட்டர்.

கையில் தூக்கும் கேமராவில் மூலம் பத்திரமாக உள்ளே இருந்தால், ஒரு மீட்டர் தொலைவில் மணிக்கு 0.02 மில்லிசீவர்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேசத் தரம். வெளியே இருந்தால் 200 என்று முன்னே சொன்னேன். இரண்டுக்கும் நடுவே பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். மூலம் எங்கே என்பதில் மீட்டருக்குக் குழப்பமே வராது, நாம் அதைப் பார்த்தால் போதும். உள்ளே இருந்தாலும் கேமராவின் மேல்பரப்பில் மீட்டர் கொஞ்சம் காட்டத்தான் செய்யும். அந்த அளவு உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். இன்றைக்கு அது வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டினால் மகிழ்ச்சி அடையாதீர்கள். மூலம் அங்கே இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. கைகர் குழாய் உள்ள சில மீட்டர்கள் மிக வலுவான கதிர்க்களத்தில் திணறிப்போய் முள்ளைக் கீழே இறக்கிவிடும், சில சமயம் பூஜ்யமே காட்டும். தூரத்தில் நிற்கும்போதே மீட்டரைப் போட்டு, முள் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே நெருங்குவது இதனால்தான். பக்கத்தில் போய் நின்றுகொண்டு மீட்டரை ஆன் செய்தவர், பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு ஏமாந்து போகலாம். ஏறிக்கொண்டே வந்த முள் திடீரென விழுந்தால், அது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. உடனே பின்வாங்குங்கள். வேலைக்குக் கிளம்பும்போது பேட்டரியைச் சோதியுங்கள். கேமராவின் மேல் வைத்து முள் அசைகிறதா என்று பாருங்கள். கேலிப்ரேஷன் ஸ்டிக்கரில் தேதி காலாவதியாகியிருந்தால் அந்த மீட்டரை நம்பி ஷாட் எடுக்காதீர்கள்.

மூலம் மாட்டிக்கொண்டது, அல்லது கழன்றுவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? ஓடிப்போய்க் கையால் எடுத்துவிடலாம் என்று தோன்றும். அப்படித் தோன்றுவதற்குப் பயம் மட்டும் காரணமல்ல, முதலாளி திட்டுவார், வேலை நிற்கும் என்ற கவலையும் காரணம். தொடாதீர்கள். விலகி வாருங்கள். மீட்டரைப் பார்த்து எல்லைக் கயிற்றை இன்னும் தள்ளிக் கட்டுங்கள். யாரும் உள்ளே போகாமல் ஒருவர் காவல் நிற்கட்டும். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்குச் சொல்லுங்கள். நீண்ட இடுக்கியும், ஈயமும், பயிற்சி பெற்ற ஆளும், முன்கூட்டியே போட்ட நேரக் கணக்கும் வரும்வரை மூலம் அங்கேயே இருக்கட்டும். ஆள் இல்லாத இடத்தில் நிற்கும் மூலம் யாரையும் ஒன்றும் செய்யாது.

இனிப் பேட்ஜுக்குத் திரும்புகிறேன், அதிலும் ஒரு வேதனையான விஷயம் இருக்கிறது. அளவு கூடினால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில், பேட்ஜை அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுத் தளத்துக்குப் போகிறவர்கள் உண்டு. எதிர்ப்பக்கமும் நடக்கும். சட்டையைக் கழற்றிக் கேமராப் பக்கத்தில் தொங்கவிட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார், பேட்ஜ் மட்டும் ராத்திரி முழுக்கக் கதிரை வாங்கும். ஒரு கண்காணிப்புக் காலத்தில் 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டினால் விசாரணை வரும். அது மனிதருக்கு உண்மையில் பட்டதா, பேட்ஜுக்கு மட்டும் பட்டதா என்று கேட்பார்கள். அளவு மிக அதிகமாகத் தெரிந்தால் ரத்தம் எடுத்து, வெள்ளணுக்களின் குரோமோசோம்களில் உண்டான பிறழ்வுகளை எண்ணிப் பார்ப்பார்கள். 100 மில்லிசீவர்ட் அளவிலிருந்து அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். கழற்றி வைத்த பேட்ஜ் ஆய்வகத்தை ஏமாற்றலாம், உடம்பை ஏமாற்றாது. பத்து வருடம் கழித்து நோய் வந்து, இது என் தொழிலால் வந்தது என்று நீங்கள் கேட்கப் போனால், கையில் இருக்கும் ஒரே ஆவணம் அந்தப் பேட்ஜ் கணக்குதான். அதை நீங்களே பொய்யாக்கி வைத்திருப்பீர்கள்.

இதில் தொழிலாளியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அளவு கூடினால் கூலியோடு வேறு வேலை கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் யார் பேட்ஜைக் கழற்றி வைப்பார்கள்? அணுமின் நிலையத்துக்குள் வேலை என்றால் வாசலிலேயே டோசிமீட்டர் தருவார்கள், வெளியே வரும்போது கணக்கு எழுதுவார்கள், அதற்கென்றே தனித் துறை இருக்கும். அதே வெல்டை வெளியே ஒரு பட்டறையில் ராத்திரி இரண்டு மணிக்குப் படம் பிடிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கதிர் ஒன்றுதான், உடம்பும் ஒன்றுதான். கண்காணிப்பு மட்டும் கம்பெனியின் அளவுக்கு ஏற்ப மாறுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனிக் குடும்பத்தாரிடம் பேசுகிறேன், கூட்டி வரச் சொன்னதன் காரணம் இதுதான். அக்கா, தங்கச்சி, அம்மா, உங்கள் வீட்டு ஆள் வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டுப் பையைக் கேட்பதைப் போல, பேட்ஜ் எங்கே என்று கேளுங்கள். சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியில் வைக்க விடாதீர்கள். ஒரு பயம் வேண்டாம்: வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஆளிடமிருந்து உங்களுக்கோ குழந்தைகளுக்கோ கதிர் ஒட்டாது. மூடிய மூலத்தின் காமாக் கதிர் பட்ட உடம்பு கதிரியக்கம் உள்ளதாக மாறிவிடாது. குழந்தையைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சட்டும். ஆனால் தளத்திலிருந்து பளபளப்பான ஏதோ உலோகத் துண்டு என்று எதைக் கொண்டுவந்தாலும் வீட்டுக்குள் விடாதீர்கள். எகிப்துக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் காரணம் தெரியாத சிவப்போ கொப்புளமோ வந்தால், மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது இவர் கதிர்ப்பட வேலை பார்க்கிறவர் என்பதைத்தான். மருத்துவருக்குத் தானாகத் தோன்றாது.

தம்பிகளுக்கு இன்னும் ஒன்று. உங்கள் ஒவ்வொருவருக்கும் தேசியக் கதிரளவுப் பதிவேட்டில் ஓர் எண் இருக்கிறது. கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறக் கூடாது. பழைய கம்பெனியில் வாங்கிய அளவு புதிய கம்பெனிக் கணக்கில் சேர வேண்டும். புதுப் பெயரில் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் ஐந்தாண்டுக் கணக்குக்கே பொருள் இல்லை. தன் கதிரளவுப் பதிவைத் தொழிலாளி பார்க்க வழி செய்ய வேண்டும், வேலை மாறும்போது புதிய கம்பெனிக்கு அதன் நகல் கிடைக்க உதவ வேண்டும் என்று சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்புத் தரம் சொல்கிறது. அவருக்கு 75 வயது ஆகும்வரையும், வேலையை விட்டபின் குறைந்தது 30 ஆண்டும் அந்தப் பதிவைக் காக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. வளைகுடாவுக்குப் போகத் திட்டமிட்டிருப்பவர்கள் பாஸ்போர்ட்டோடு இந்தப் பதிவின் தாளையும் எடுத்து வையுங்கள். கடைசிக் காலாண்டில் உங்கள் அளவு என்ன என்று இந்த அவையில் கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்? சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் சொல்வீர்கள். திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் பாதுகாப்பு அலுவலரிடம் அந்தத் தாளைக் கேளுங்கள். தரத் தயங்கினால் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதுங்கள், அதன் தென்மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது.

மேடைக்குக் கீழே மேசையில் ஒரு சர்வே மீட்டரும், இரண்டு அலாரம் டோசிமீட்டரும், பிரித்து வைத்த பழைய டி.எல்.டி. அட்டை ஒன்றும் இருக்கின்றன. குடும்பத்தார் முதலில் வந்து கையில் எடுத்துப் பாருங்கள். தம்பிகள் கேள்விகளைக் கேட்கலாம்.